சிறுவர் வாங்கிய கப்பல்



கல்லூரியில் பயின்ற நாட்களில் நான் எங்கள் சிற்றூர்த் திருச்சபையின் வாலிபர் சங்கத்திற்குச் செயலாளனாக இருந்தேன். சங்கத்துக்கென ஒரு வாசகசாலை உண்டு. அதன் ஓலைக் கூரை மழைக்காலந்தோறும் ஒழுகும், நூல்கள் நனையும். ஓடு வேய்வதென்று முடிவு செய்து, ரசீதுப் புத்தகமும் கையுமாக வீடு வீடாகச் சென்றோம்.

பனையோலைப் பெட்டி முடைந்து வாழ்ந்த முதியவர் ஒருவர் வீட்டு வாயிலில் நின்றோம். ஊரார் அனைவருக்கும் அவர் ஆச்சி. எங்களை உட்காரச் சொல்லிவிட்டு, அவர் கூறியது இது: "ராசா, போன வருசம் நாலணா கொடுத்தேன். கோயிலிலே பேர் வாசிச்சீங்க. பெரிய தொகை முதல்லே, என் பேரு எல்லாருக்கும் கடைசியிலே. இந்த வருசமும் அப்படித்தான் வாசிப்பீங்களா?"

நான் தலைகுனிந்தேன். நன்கொடையாளரை ஊக்குவிக்கும் வழி என்று எண்ணி அந்தப் பட்டியலை எழுதியவன் நானே. ஆச்சி மேலும் ஒன்று கேட்டார்: "ஓர் ஓடு என்ன விலை?" கூரைக்கு ஆகும் மொத்தச் செலவு எனக்குத் தெரியும், ஓர் ஓட்டின் விலை தெரியாது. விடை சொல்ல இயலாமல் திரும்பினேன்.

அந்தக் கேள்விக்கு விடை தேடப் புகுந்தபோதுதான், பொதுப்பணிக்குப் பொருள் திரட்டிய வரலாற்றில் சில ஏடுகளைப் படிக்கும் வாய்ப்புக் கிட்டியது. அவற்றுள் மூன்று நிகழ்ச்சிகளை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகின்றேன்.

முதலாவது, பசிபிக் பெருங்கடலில் உள்ள மூரேயா என்னும் தீவில் நடந்தது. நாகர்கோவில் பகுதியில் கல்விப் பணியாற்றிய லண்டன் மிஷனரி சங்கத்தின் தொண்டர்கள் அங்கும் பணிபுரிந்தனர். 1818-ஆம் ஆண்டு, தாகித்தி மன்னர் இரண்டாம் பொமாரேயின் தலைமையில் தீவு மக்கள் ஓர் உதவிச் சங்கம் கண்டார்கள். அங்கே நாணயப் புழக்கம் அரிது. பணம் இல்லாதவர் எதனைக் கொடுப்பது? அவர்கள் தயங்கவில்லை. மூங்கிற் குழாய்களில் தேங்காயெண்ணெய் கொணர்ந்தார்கள். கிழங்கு மாவும் பருத்தியும் பன்றிகளும் கொணர்ந்தார்கள். கையில் இல்லாததைக் கேட்டு வருந்துவதைவிட, கையில் இருப்பதைக் காணிக்கையாக ஏற்பதே அறிவுடைமை என்பதற்கு இது நல்ல சான்று.

இரண்டாவது நிகழ்ச்சி கப்பலைப் பற்றியது. அதே சங்கத்தைச் சேர்ந்த ஜான் வில்லியம்ஸ் என்பவர் தீவுக்குத் தீவு கடலில் சென்று பணியாற்றியவர். 1839-ஆம் ஆண்டு நவம்பர் 20-ஆம் நாள் எரொமாங்கா தீவில் அவர் கொல்லப்பட்டார். அவர் பெயரால் ஒரு கப்பல் கட்ட வேண்டும் என்ற எண்ணம் எழுந்தபோது, சங்கம் செல்வர்களை நாடிச் செல்லவில்லை. பிரிட்டனின் சிறுவர் சிறுமியரை நாடியது. அவர்கள் சேர்த்த சிறு காசுகள் 6,000 பவுனுக்கு மேலாகத் திரண்டன. 1844-இல் ஹார்விச் துறையில் அக்கப்பல் நீரில் இறங்கியது.

இந்தக் கருத்தை இன்னும் கூர்மையாக்கியவர்கள் அமெரிக்கர்கள். மதுரையில் அமெரிக்கன் கல்லூரி தோன்றக் காரணமாக இருந்த அமெரிக்கன் மிஷன், 1852-இல் மைக்ரோனீசியத் தீவுகளுக்குத் தொண்டர்களை அனுப்பியது. உணவுப் பொருளும் கடிதமும் அவர்களை அடையப் பல மாதங்கள் ஆயின. எனவே அத்தீவுகளுக்கென்றே ஒரு கப்பல் தேவைப்பட்டது. 1856-இல் ஞாயிறு பள்ளிச் சிறுவர்களிடம் சங்கம் வேண்டிக்கொண்டது. வேண்டிய முறைதான் புதுமையானது. கப்பலைப் பங்குகளாகப் பிரித்தார்கள். ஒரு பங்கின் விலை பத்து சென்ட். பங்கு வாங்கிய பிள்ளைக்கு ஒரு பத்திரம் தரப்பட்டது.

இதன் நுட்பத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். பத்து சென்ட் கொடுத்த சிறுவன் இரப்போனுக்கு ஈந்தவன் அல்லன். ஒரு கப்பலின் உடைமையாளருள் ஒருவன். செல்வர் மகனும் உழைப்பாளி மகனும் ஒரே வகைப் பத்திரத்தையே வைத்திருந்தனர். அவன் காசு எங்கே போயிற்று என்று கேட்டால், கடலில் மிதக்கும் கப்பலையே காட்டலாம். கேட்ட தொகைக்கு மேலாகவே பணம் வந்து குவிந்தது. 'விடிவெள்ளி' எனப் பொருள்படும் பெயர் தாங்கிய அக்கப்பல், அவ்வாண்டு டிசம்பர் மாதம் பாஸ்டன் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டு, தென்னமெரிக்காவின் தென்முனையைச் சுற்றி, 1857-இல் ஹொனலூலுவை அடைந்தது.

கப்பல் என்றால் ஆபத்தும் உண்டு அன்றோ? பிரிட்டிஷ் சிறுவர்களின் முதற் கப்பல் 1864-இல் பவளப்பாறையில் மோதி அழிந்தது. 1865-இல் இரண்டாவது கட்டினார்கள். அதுவும் 1867-இல் நியுவே தீவருகே உடைந்தது. 1868-இல் மூன்றாவது புறப்பட்டது. அமெரிக்கச் சிறுவர்களின் இரண்டாம் கப்பலும் 1869-இல் கடலுக்கு இரையாயிற்று; 1871-இல் அடுத்தது வந்தது. ஒவ்வொரு முறையும் சிறுவர்கள் மீண்டும் கொடுத்தார்கள். இழப்பை மறைத்திருந்தால் அவர்கள் கொடுத்திருப்பார்களா? கப்பலின் கதை அவர்களுக்கு விடாமல் சொல்லப்பட்டு வந்தது. முதற் கப்பலில் சென்ற ஹைராம் பிங்கம் என்னும் இளைய தொண்டர், 1866-இல் அதன் வரலாற்றைச் சிறுவர்களுக்கென்றே ஒரு நூலாக எழுதி வெளியிட்டார். கொடுத்தவருக்குக் கணக்கும் செய்தியும் சொல்லுதல் கடன் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

மூன்றாவது நிகழ்ச்சிக்குக் கடல் கடந்து செல்ல வேண்டியதில்லை. சோற்றுக்கு அரிசி அளக்கும்போது ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் இடும் வழக்கம் நம் நாட்டார் அறிந்ததே. அந்தப் பிடியரிசி திருநெல்வேலித் திருச்சபைகளிலும் காணிக்கையாக வழங்கி வந்தது. வடகிழக்கே மிசோ மலைநாட்டில் 1910-ஆம் ஆண்டு தொடங்கிய பிடியரிசித் திட்டம், அத்திருச்சபையின் பொருள்வளத்துக்கே பெருந்தூணாயிற்று. அரிசியை அளப்பவர் வீட்டுப் பெண். ஆகவே, பணப்பெட்டியின் சாவி இல்லாதவரும் ஈகையாளர் ஆயினர்.

இத்தகைய சிறு கொடைகளின் வலிமையை நன்குணர்ந்தவர் வெள்ளாளன்விளையிற் பிறந்த வே. ச. அசரியா. 1903-ஆம் ஆண்டு பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தோன்றியபோது, அதன் பின்னின்ற கொள்கை மூன்றே: ஆட்கள் இந்தியராக இருத்தல் வேண்டும், பணம் இந்தியருடையதாக இருத்தல் வேண்டும், நிர்வாகம் இந்தியர் கையில் இருத்தல் வேண்டும். இம்மூன்றும் ஒன்றையொன்று பற்றி நிற்பவை. பிறர் பணத்தால் நடக்கும் பணியில் பிறர் சொல்லே செல்லும். தம் கைப்பிடி அரிசியால் நடக்கும் பணியில் தம் சொல்லுக்கும் இடம் உண்டு. அசரியா 1912-இல் தோர்ணக்கல் பேராயரானார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் அப்பதவி பெற்ற முதல் இந்தியர் அவரே.

இனி என் கதைக்கு வருகின்றேன். இவற்றைப் படித்தபின் ஓட்டுச் சூளைக்குச் சென்று ஓர் ஓட்டின் விலையைக் கேட்டு வந்தேன். சங்கத்தைக் கூட்டி, "நன்கொடை கேட்க வேண்டாம், ஓடு விற்போம்" என்றேன். அட்டையில் ஓட்டின் படம் வரைந்து, பங்குச் சீட்டாக்கினோம். காசு இல்லாதவர் காய்கறியோ முட்டையோ பனைவெல்லமோ தரலாம் என்றோம். வந்தவற்றை ஞாயிறு ஆராதனை முடிந்தபின் ஏலம் விட்டோம். வாலிபர்களாகிய நாங்களும் வெறுங்கையாய் இருக்கவில்லை. விடுமுறையில் தோட்டங்களில் கூலிக்கு வேலை செய்து எங்கள் ஓடுகளை வாங்கினோம். பெயர்களை அகரவரிசையில் எழுதினோம், தொகை எழுதவில்லை. வரவும் செலவும் வாசகசாலைச் சுவரில் ஒட்டப்பட்டன.

ஆச்சி பெட்டி விற்ற காசில் இரண்டு ஓடு வாங்கினார். அவ்வாண்டு மழைக்கு முன்னரே கூரை முடிந்தது. முதல் மழையன்று அவர் வாசகசாலைக்கு வந்து அண்ணாந்து பார்த்தார். எழுதப் படிக்க அறியாதவர் அவர். "இதிலே என் ஓடு எது, ராசா?" என்றார். "எல்லாமே உங்கள் ஓடுதான், ஆச்சி" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே நெடுநேரம் அங்கே அமர்ந்திருந்தார்.

மாணவர்களே, நீங்களும் நாளை ஏதேனும் ஒரு சங்கத்திற்காகப் பொருள் திரட்ட நேரும். புதுப்புது உபாயங்கள் உங்களுக்குத் தோன்றும்; தோன்றட்டும். ஆனால் ஒவ்வோர் உபாயத்தையும் ஒரு கேள்வியால் சோதித்துப் பாருங்கள்: ஊரில் மிக எளியவர் தலைநிமிர்ந்து இதில் பங்கு கொள்ள இயலுமா? இயலுமெனில் துணிந்து புறப்படுங்கள். இயலாதெனில், முதலில் சென்று ஓர் ஓட்டின் விலையைக் கேட்டு வாருங்கள்.