வாய்ச்சண்டையில் பிறந்த கோப்பை

டி ஸ்டெஃபானோவின் ரியல் மாட்ரிட் பெரிதா, குரூய்ஃபின் அயாக்ஸ் பெரிதா, பெக்கன்பவரின் பயர்ன் மியூனிக் பெரிதா? கால்பந்து ரசிகர்கள் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு வராமல் போகாது. ஐரோப்பியக் கோப்பையை எத்தனை முறை வென்றார்கள் என்ற கணக்கில்தான் கடைசியில் வந்து நிற்பார்கள். அந்தக் கோப்பையே இப்படியொரு வாக்குவாதத்தில் பிறந்ததுதான்.

1954 டிசம்பர் 13 இரவு. வுல்வர்ஹாம்ப்டனின் மொலினோ மைதானத்தில் மின்விளக்குகள் எரிகின்றன. இங்கிலாந்து லீக் சாம்பியனான வுல்வ்ஸும் ஹங்கேரியின் ஹொன்வேதும் நட்பு ஆட்டம் ஆடுகின்றன. ஹொன்வேத் லேசுப்பட்ட அணி அல்ல. முந்தைய ஆண்டு வெம்ப்ளியில் இங்கிலாந்தை 6-3 என்று சாய்த்த புஸ்காஸ், கோச்சிஸ், போஜிக், சிபோர் எல்லோரும் அதில் இருந்தார்கள். முதல் பாதியிலேயே இரண்டு கோல் போட்டும்விட்டார்கள்.

ஆனால் வுல்வ்ஸ் மேலாளர் ஸ்டான் கல்லிஸ், டிசம்பர் ஈரத்தில் ஊறிக் கிடந்த ஆடுகளத்துக்கு மேலும் தண்ணீர் விடச் சொல்லியிருந்தார். நேரம் போகப் போகச் சேறு ஹங்கேரியர்களின் காலைப் பிடித்தது. அவர்களுடைய அழகான சிறு பாஸ்கள் பாதி வழியிலேயே நின்றன. ஹான்காக்ஸ் ஒரு பெனால்டி, ஸ்வின்பர்ன் இரண்டு கோல். வுல்வ்ஸ் 3-2 என்று வென்றது. மறுநாள் லண்டன் பத்திரிகை வுல்வ்ஸை உலக சாம்பியன் ஆக்கிவிட்டது.

பாரிஸின் லெக்கிப் நாளேட்டில் இருந்த கேப்ரியல் ஆனோ இதை ஏற்கவில்லை. அவரே ஒரு காலத்தில் பிரான்ஸ் அணிக்கு ஆடியவர். சொந்த ஊரில் ஜெயித்தது போதாது, மாஸ்கோவுக்கும் புடாபெஸ்ட்டுக்கும் போய் ஆடட்டும், மிலானும் ரியல் மாட்ரிட்டும் இருக்கின்றனவே என்று எழுதினார். அதோடு விடாமல், ஐரோப்பிய கிளப்புகளுக்கு ஒரு போட்டித் திட்டத்தையே அவருடைய நாளேடு முன்வைத்தது. இரு அணிகளும் தத்தம் ஊரில் ஒவ்வோர் ஆட்டம் ஆட வேண்டும் என்பதே அதன் உயிர்நாடி. உன் ஊர்ச் சேற்றில் நீ ஜெயித்தால், என் ஊர் வெயிலுக்கும் நீ வந்தாக வேண்டும். இதைவிட நியாயமான தராசு கால்பந்தில் இதுவரை வரவில்லை என்பேன்.

1955 ஏப்ரலில் கிளப்புகள் பாரிஸில் கூடின. நடத்தும் பொறுப்பை யூஇஎஃப்ஏ ஏற்றது. சண்டையை மூட்டிய இங்கிலாந்து மட்டும் முதல் ஆண்டில் வரவில்லை. சாம்பியன் செல்சியை லீக் நிர்வாகமே தடுத்துவிட்டது. செப்டம்பர் 4 அன்று லிஸ்பனில் ஸ்போர்டிங்கும் பார்டிசானும் 3-3 என்று முதல் ஆட்டத்தை ஆடி முடித்தன.

முதல் ஐந்து கோப்பைகளையும் ரியல் மாட்ரிட்டே எடுத்தது. அயாக்ஸும் பயர்னும் பின்னாளில் தொடர்ந்து மூன்று முறை வென்றன. ஐந்தை எவரும் தொடவில்லை. என் ஓட்டு அந்த மாட்ரிட்டுக்குத்தான். 1960-இல் கிளாஸ்கோவின் ஹாம்ப்டன் பார்க்கில் ஐந்தாவது இறுதி ஆட்டம். ஐன்ட்ராக்ட் ஃபிராங்பர்ட்டை அவர்கள் 7-3 என்று வென்றார்கள். அந்த ஏழில் நான்கு கோலைப் போட்டவர், மொலினோ சேற்றில் தோற்றுப்போன அதே புஸ்காஸ்.