பந்தும் பாதையும்



"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்பது நம்மவரிடையே வழங்கும் பழமொழி. ஆண்டு பலவாக மாணவரோடு பழகி வரும் எனக்கு இப்பழமொழியை எடுத்தாளும் தேவை அடிக்கடி நேர்வதுண்டு. ஒருநாள் கரம் ஆட்டத்தில் தோற்ற மாணவன் ஒருவன், பலகை சரியில்லை என்று முறையிட்டான். வழக்கம்போல இப்பழமொழியைச் சொல்லி அவனைக் கடிந்தேன். அவனோ மறுமொழி கூறாது, பலகையின் ஒரு மூலையில் என் விரலை வைத்துப் பார்க்கும்படி வேண்டினான். மழைக்காலத்து ஈரத்தால் அம்மூலை உண்மையாகவே உப்பியிருந்தது. அன்று பழமொழியை நான் மீளப் பெற்றுக்கொண்டேன்.

கூடம் கோணலாயிருப்பதையே விதியாகக் கொண்ட ஆட்டம் ஒன்று உலகில் உண்டு. அதுவே பௌலிங் எனப்படும் உருட்டுப்பந்து ஆட்டம். கிறிக்கற் பந்துவீச்சு வேறு, இது வேறு. அறுபது அடி நீளமான பாதை. அதன் கோடியில் முக்கோணமாக நிறுத்தப்பட்ட பத்துக் கட்டைகள். அவற்றை வீழ்த்துதற்கு உருட்டப்படும் கனத்த பந்து. ஆட்டம் இவ்வளவே. ஆயினும் அப்பாதையின்மீது கண்ணுக்கு எளிதிற் புலப்படாத எண்ணெய்ப் படலம் ஒன்று பூசப்பட்டிருக்கும். அது எங்கே தடித்தும் எங்கே மெலிந்தும் இருக்கின்றது என்பதை அறிந்து, அதற்கும் தன் கைக்கும் ஏற்ற பந்தைத் தெரிந்தெடுப்பவனே வெல்வான். அத்தெரிவு எவ்வாறு ஒரு கலையாக வளர்ந்தது என்பதையே இன்று ஆராயப் புகுகின்றோம்.

எதையேனும் உருட்டி எதையேனும் வீழ்த்தும் விளையாட்டு மிகப் பழைமையானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், எகிப்திலே நக்காடா என்னுமிடத்தில் அகழ்வு செய்த பிளிண்டர்ஸ் பெற்றி என்னும் ஆங்கில அறிஞர், குழந்தை ஒன்றின் கல்லறையில் சிறு கல்லுருண்டைகளையும் நிறுத்தி வைக்கத்தக்க கற்றுண்டுகளையும் கண்டெடுத்தார். அவை இத்தகைய விளையாட்டொன்றின் கருவிகள் எனக் கருதினர். பிற்காலத்தில் ஜேர்மனியிலும் ஒல்லாந்திலும் ஒன்பது கட்டை ஆட்டம் செழித்தது. அங்கிருந்து குடியேறியோரோடு அது அமெரிக்கா சென்றது. சூதாட்டம் மலிந்தமையால் 1841ஆம் ஆண்டிலே கனெற்றிக்கற் மாநிலம் ஒன்பது கட்டை ஆட்டத்தைத் தடை செய்தது. தடையை ஏய்ப்பதற்காகவே பத்தாவது கட்டை சேர்க்கப்பட்டது என்று ஒரு கதை வழங்குகின்றது. கதை சுவையானது, சான்றோ வலியதன்று. எவ்வாறாயினும் நிலைத்தது பத்துக் கட்டை ஆட்டமே.

ஊருக்கு ஒரு பந்தும் தெருவுக்கு ஒரு விதியுமாக இருந்த இவ்வாட்டத்தை ஒழுங்குபடுத்தும் பொருட்டு, 1895ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் நியூயோர்க் நகரிலே அமெரிக்க பௌலிங் காங்கிரஸ் நிறுவப்பட்டது. பந்தின் நிறை 16 இறாத்தலை மிஞ்சலாகாது, சுற்றளவு 27 அங்குலத்தை மிஞ்சலாகாது என்னும் வரையறைகள் நிலைபெற்றன. ஆனால் பந்து எப்பொருளால் ஆக்கப்படுகின்றது என்பதே ஆட்டத்தின் போக்கை மாற்ற வல்லது என்பதை அக்காலத்தவர் எவரும் எண்ணியிரார்.

அந்நாளைய பந்து மரத்தாலானது. கரிபியன் தீவுகளிலும் அவற்றை அடுத்த நிலங்களிலும் வளரும் லிக்னம் வைற்றே என்னும் மரம் அதற்கு உவந்தது. நீரில் இட்டால் மிதவாது அமிழும் அளவுக்குக் கனமும், கப்பலின் சுழல்தண்டைத் தாங்கும் அளவுக்கு வன்மையும் உடையது அம்மரம். எனினும் மரம் மரமே. ஓயாத அடியினால் அது சிதைந்தது, வெடித்தது, உருண்டை வடிவை இழந்தது. உருண்டையல்லாத பந்தை வைத்துக்கொண்டு எவரும் நேர்வழி போக முடியாதன்றோ?

1905ஆம் ஆண்டிலே கடின றப்பராலான பந்து சந்தைக்கு வந்தது. 'எவர் ட்ரூ', அதாவது 'என்றும் பிழையாதது', என்பது அதன் பெயர். மரப்பந்தின் குறையை அறிந்தே அப்பெயரைச் சூட்டினர் போலும். 1914இல் பிரன்ஸ்விக் நிறுவனம் 'மினரலைற்' என்னும் றப்பர்ப் பந்தை வெளியிட்டது. பின்னர் அரை நூற்றாண்டு காலம் றப்பர்ப் பந்தே ஆட்சி செலுத்தியது.

இனிப் பாதையைச் சிறிது நோக்குவோம். ஒடுங்கிய பலகைகள் முப்பத்தொன்பது பக்கம் பக்கமாக இணைந்ததே பாதை. பந்து வந்து விழும் முற்பகுதிக்கும் கட்டைகள் நிற்கும் பிற்பகுதிக்கும் வன்மையான மேப்பிள் மரத்தையும், இடைப்பகுதிக்கு மென்மையான பைன் மரத்தையும் இட்டனர். மேலே முதலில் அரக்குப் பூச்சும், பின்னர் வேறு வார்னிசுப் பூச்சுகளும் பூசினர். பந்து உராய்ந்து பூச்சு தேய்வதைத் தடுக்கவே முற்பகுதியில் எண்ணெய் தடவும் வழக்கம் தோன்றியது. பாதையைக் காக்க வந்த எண்ணெய், காலப்போக்கில் ஆட்டத்தையே ஆளத் தொடங்கியது.

பந்தைப் பற்றியும் பாதையைப் பற்றியும் பேசுமிடத்து, அப்பாதையில் கால் வைக்க எவருக்கு உரிமை இருந்தது என்ற வினாவையும் கேளாது விடுதல் வரலாற்றுக்கு நீதியாகாது. 1916ஆம் ஆண்டு முதல் அமெரிக்க பௌலிங் காங்கிரஸின் யாப்பு வெள்ளையின ஆடவரை மட்டுமே உறுப்பினராக ஏற்றது. கறுப்பின மக்கள் 1939இல் டெற்றோயிற் நகரில் தமக்கெனத் தனிச் சங்கம் கண்டனர். தொழிற்சங்கங்களும் உரிமை இயக்கங்களும் தொடுத்த அறப்போரின் பயனாக 1950இல் அவ்விதி நீக்கப்பட்டது. விதி நீங்கியும் கதவுகள் பல திறக்கவில்லை. 1968ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் தென் கரோலினாவின் ஒறேஞ்ச்பேர்க் நகரிலே, கறுப்பின மாணவரை உள்ளே விட மறுத்த ஆட்டக்கூடம் ஒன்றின் காரணமாகக் கிளர்ச்சி எழுந்தது. எட்டாம் நாள் இரவு பொலிசார் சுட்டதில் மூன்று இளைஞர் உயிர் நீத்தனர். இருபத்தைந்து பேருக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். கூடம் கோணலாயிருந்தது அங்கே எண்ணெயினால் அன்று, மனிதர் மனத்தினால். ஒரு பந்தைத் தெரிந்தெடுக்கும் சிறிய உரிமைக்கும் பின்னால் எத்தகைய விலை கொடுக்கப்பட்டுள்ளது என்பதை நினைவிற்கொண்டு மேலே செல்வோம்.

1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் பொலியெஸ்ரர் என்னும் பிளாஸ்ரிக் பந்து தோன்றியது. அதன் மேற்பரப்பை இளகச் செய்தால் அது பாதையை இறுகப் பற்றும் என்பதை ஆட்டக்காரர் சிலர் கண்டுகொண்டனர். 1973ஆம் ஆண்டிலே டொன் மக்கியூன் என்பார் கரைப்பான் திரவத்தில் ஊறவைத்து இளக்கிய பந்தைக் கொண்டு, தொழில்முறைப் போட்டிகளில் ஆறு பட்டங்களை வென்று, அவ்வாண்டின் சிறந்த ஆட்டக்காரராகத் தெரிவானார். அன்று அதனைத் தடுக்கும் விதி எதுவும் இருக்கவில்லை. கண்ட மற்றையோரும் வாளிகளில் பந்தை ஊறவைக்கலாயினர். பின்னரே பந்தின் கடினத்தை அளந்து அதற்கு ஓர் எல்லை வகுத்தனர். வென்றது மனிதனா, பந்தா என்னும் வினா அன்று எழுந்தது, இன்னும் ஓயவில்லை.

1980களின் தொடக்கத்தில் யூரேதேன் பந்தும், 1990களின் தொடக்கத்தில் றெசின் பந்தும் வந்தன. றெசின் பந்தின் மேற்பரப்பிலுள்ள நுண்துளைகள் எண்ணெயை உறிஞ்சும். உலர்ந்த இடத்தை அடைந்ததும் அது சட்டெனத் திரும்பிக் கட்டைகளைத் தாக்கும். பந்தின் உள்ளீடும் மாறியது. முன்னாளில் விரல்துளை இடுவதனால் குறையும் நிறையை ஈடுசெய்யவே உள்ளே ஒரு கனமான துண்டை வைத்தனர். இக்காலத்திலோ உள்ளீட்டின் வடிவத்தாலேயே பந்தின் சுழலச்சு சிறிது சிறிதாக இடம் பெயர்கின்றது. அதனால் ஒவ்வொரு சுற்றிலும் எண்ணெய் படாத புதிய பகுதி பாதையைத் தொடுகின்றது.

எண்ணெயும் இன்று பொறியினால் அளந்து பூசப்படுகின்றது. ஒரு பாதைக்குப் பெரும்பாலும் 20 முதல் 30 மில்லிலீற்றர். ஏறத்தாழ இரண்டு மேசைக்கரண்டி அளவே. பொழுதுபோக்குக்காக வருவோர் ஆடும் பாதையில் நடுவே மிகுதியாகவும் ஓரங்களிற் குறைவாகவும் பூசுவர். ஓரத்தே விலகிய பந்து உராய்வினால் நடுவுக்குத் திரும்பும். நடுவே போன பந்து வழுக்கி நேரே செல்லும். ஆட்டக்காரன் பிழையைப் பாதையே பொறுத்துக்கொள்ளும். போட்டிப் பாதையிலோ எண்ணெய் ஏறக்குறைய ஒரே சீராகப் பரவியிருக்கும். அங்கே பிழைக்கு மன்னிப்பில்லை.

இனி, தெரிவு எவ்வாறு நிகழ வேண்டும்? முதலாவது, பந்து கைக்குப் பொருந்த வேண்டும். விரல்துளைகளும் அவற்றின் இடைவெளியும் ஆடுபவர் கையை அளந்தே இடப்பட வேண்டும். பொருந்தாத துளை பந்தை இறுக்கிப் பிடிக்கச் செய்யும். இறுக்கிப் பிடித்த கை நேரே வீசாது. இரண்டாவது, நிறை. 16 இறாத்தல் உச்ச எல்லையேயன்றிக் கட்டாயமன்று. தொழில்முறை ஆட்டக்காரருள்ளும் பலர் 15 இறாத்தல் பந்தையே இன்று ஏந்துகின்றனர். தோளை வருத்தாது ஊசல்போல வீசக்கூடிய நிறையே தக்க நிறை.

மூன்றாவது, தன் ஆட்டத்தைத் தான் அறிதல். பந்து முதலில் வழுக்கும், பின் வளையும், இறுதியில் உருளும். விரைவாக வீசிக் குறைவாகச் சுழற்றுவோரின் பந்து வளையும் முன்னரே கட்டைகளை அடைந்துவிடும். அன்னாருக்கு மேற்பரப்பு சொரசொரப்பான, எண்ணெயைப் பற்றும் பந்து வேண்டும். மெதுவாக வீசி மிகுதியாகச் சுழற்றுவோரின் பந்து காலத்துக்கு முன்பே வளைந்து வலுவிழக்கும். அவர்களுக்கு மெருகேற்றிய, பற்றுக் குறைந்த பந்து ஏற்றது. அவுஸ்திரேலியரான ஜேசன் பெல்மொன்ரே இரு கைகளாலும் வீசிப் பந்துக்கு மிகுந்த சுழற்சியூட்டி, ஒரு தலைமுறையின் ஆட்டமுறையையே மாற்றினார். அவர் கைக்கு உகந்த பந்து மற்றொருவர் கைக்கு உகவாது.

நான்காவது, பாதையை வாசித்தல். எண்ணெய் நீண்டும் மிகுந்தும் இருப்பின் வலிய பற்றுடைய பந்து. குறுகியும் மெலிந்தும் இருப்பின் பற்றுக் குறைந்த பந்து. ஆட்டக்காரரிடையே ஓர் எளிய கணக்கு உண்டு. எண்ணெய் எத்தனை அடி நீளமோ அதிலிருந்து 31ஐக் கழிக்க வேண்டும். 40 அடியாயின் எஞ்சுவது 9. தன் பக்கத்து ஓரத்திலிருந்து எண்ணி ஒன்பதாம் பலகையை அண்மித்துப் பந்து எண்ணெயை விட்டு வெளியேறினால் நன்று. இஃது ஒரு தொடக்கமேயன்றி முடிவன்று. ஒவ்வொரு பந்தும் எண்ணெயிற் சிறிது கொண்டுபோகின்றமையால், ஆட்டத் தொடக்கத்தில் இருந்த பாதை ஆட்ட முடிவில் இராது. காலையில் உதவிய பந்து மாலையில் கைவிடும். எஞ்சி நிற்கும் ஒற்றைக் கட்டையை வீழ்த்துவதற்கோ பழைய பிளாஸ்ரிக் பந்தே இன்றும் துணை. அது வளையாது நேரே செல்லும். விலை உயர்ந்ததே எங்கும் சிறந்தது என்பார்க்கு இஃதொரு பாடம்.

நேயர்களே, கருவி வளர வளரத் திறமை குன்றும் என அஞ்சுவோர் உளர். அவ்வச்சம் முற்றும் பொய்யன்று. மன்னிக்கும் பாதையிலே வலிய பந்தைக் கொண்டு வென்ற ஒருவர், அவ்வெற்றி முழுவதும் தம் கையினது என எண்ணிவிடுதல் எளிது. ஆனால் சீரான எண்ணெயுள்ள போட்டிப் பாதையில் நிற்கும்போது, எத்தனை பந்துகள் பையில் இருந்தாலும், எதை எடுப்பது என்று தீர்மானிப்பது கண்ணும் அறிவுமே. மரப்பந்து ஒன்றே இருந்த காலத்தில் கைத்திறன் மட்டும் போதியதாயிருந்தது. இன்று கைத்திறனோடு தன்னையும் களத்தையும் அறியும் திறனும் வேண்டியதாயிற்று.

அந்தக் கரம் பலகையின் மூலையை நாங்கள் பின்னர் செப்பனிட்டோம். செப்பனிடும் வரை அம்மாணவன் அம்மூலையின் இயல்பை நன்கறிந்து, அதற்கேற்பக் காய்களை அடித்து, எல்லோரையும் வென்று வந்தான். கோணலைக் கண்டு முறையிடுதல் ஒன்று. கோணலை அளந்தறிந்து ஆடுதல் மற்றொன்று. கோணல் அநீதியாயின் அதனை நிமிர்த்துதல் இன்னொன்று. மூன்றையும் வேறு பிரித்தறியும் அறிவை விளையாட்டுக் களத்தில் பெறும் பிள்ளை, வகுப்பறைக்கு வெளியேயும் கல்வி பெற்ற பிள்ளையே ஆகும்.