போதலும் சேர்தலும்: தமிழ்ச் சீர்திருத்தக் கிறித்தவரும் பெந்தெகொஸ்தே கூட்டங்களும்

ஆய்வுச் சுருக்கம்

பெந்தெகொஸ்தே இயக்கத்தின் வரலாறு பெரும்பாலும் அதன் தலைவர்கள், அமைப்புகள் ஆகியவற்றின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. தாய்ச்சபையில் பிறந்து வளர்ந்த சாதாரண உறுப்பினர் ஒருவர் அத்தகைய கூட்டத்திற்குப் போவதா, வேண்டாமா என்று எவ்வாறு முடிவெடுத்தார் என்னும் வினாவை இக்கட்டுரை முன்வைக்கிறது. தமிழ்ச் சூழலில் போதல் வேறு, சேர்தல் வேறு என்பதும், இவ்விரண்டுக்கும் இடையிலான எல்லையை இறையியலைக் காட்டிலும் முழுக்கும் திருமணமும் அடக்கமுமே வரைந்தன என்பதும் இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: அருளப்பன், கிறிஸ்டியான்பேட்டை, எழுப்புதல், அந்நியபாஷை, பெந்தெகொஸ்தே, தென்னிந்தியத் திருச்சபை

முன்னுரை

உலகப் பெந்தெகொஸ்தே வரலாறுகள் 1906ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் அசூசா தெருவில் வில்லியம் சீமோர் நடத்திய கூட்டங்களிலிருந்து தொடங்குவது வழக்கம். தென்னிந்தியாவைப் பொறுத்தவரை இத்தொடக்கம் பொருந்தாது. பண்டித ரமாபாயின் முக்தி மிஷனில் 1905ஆம் ஆண்டிலேயே எழுப்புதல் தோன்றியது. அதற்கு 45 ஆண்டுகள் முன்னரே, 1860ஆம் ஆண்டில், திருநெல்வேலிப் பகுதியில் அந்நியபாஷை, தீர்க்கதரிசனம், தரிசனம் ஆகியவை பதிவாகியுள்ளன. மிகாயேல் பெர்குண்டர் எழுதி 2008இல் ஆங்கிலத்தில் வெளிவந்த தென்னிந்தியப் பெந்தெகொஸ்தே வரலாற்று நூலுக்குப் பிறகு இவ்வுண்மையைத் தவிர்த்துவிட்டு எழுதுவது கடினம்.

ஆனால் எது முதலில் தோன்றியது என்னும் விவாதம் வேறொரு வினாவை மறைத்துவிடுகிறது. ஊரில் கோயில் இருக்கிறது, ஐயர் இருக்கிறார், உபதேசியார் இருக்கிறார். அப்படியிருக்க, மூன்று மைல் நடந்து வேறொரு கூட்டத்திற்கு ஒருவர் ஏன் போனார்? போனவர் எந்த அளவுகோலால் அதனை நிறுத்துப் பார்த்தார்? போகாதவர் எதை அஞ்சினார்? மிஷனரி அறிக்கைகள் இவ்வினாக்களுக்கு நேர்விடை தருவதில்லை. அவை பெரும்பாலும் போகாதவர்களின், அல்லது போய்த் திரும்பியவர்களின் மேலதிகாரிகள் எழுதியவை. அவற்றை எதிர்த்திசையில் வாசித்தே விடை தேட வேண்டியுள்ளது.

கிறிஸ்டியான்பேட்டை, 1860

ஜான் கிறிஸ்டியான் அருளப்பன் 1810இல் பிறந்தவர். பாளையங்கோட்டையில் சி.எம்.எஸ். மிஷனரி ரேனியுஸிடம் பயின்றவர். ரேனியுஸ் 1835இல் சி.எம்.எஸ். அமைப்பிலிருந்து நீக்கப்பட்டபோது சபைகளும் உபதேசியார்களும் இரு பக்கமாகப் பிரிந்து நின்றதை இளைஞர் அருளப்பன் அருகிருந்து கண்டவர். 1833இல் இந்தியா வந்த ஆன்டனி நாரிஸ் குரோவ்ஸ் என்னும் பிரதரன் ஊழியரின் தொடர்பு அவருக்கு இன்னொரு பாதையைக் காட்டியது. அது மிஷன் சம்பளமின்றியும் குருப்பட்டமின்றியும் நடத்தும் ஊழியம். 1840இல் மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் இடைப்பட்ட நிலத்தில் அவர் நிறுவிய குடியிருப்பே கிறிஸ்டியான்பேட்டை. அங்கு உழவும் ஊழியமும் ஒன்றாக நடந்தன. குருப்பட்டம் பெறாதவர்களே அப்பம் பிட்டுத் திருவிருந்து நடத்தினர்.

1860இல் அங்கு எழுப்புதல் தோன்றியபோது அயர்லாந்திலும் அமெரிக்காவிலும் சற்று முன்னர் நிகழ்ந்த எழுப்புதல்களின் செய்தி தென்னிந்தியாவை எட்டியிருந்தது. ஆயினும் கிறிஸ்டியான்பேட்டையில் நிகழ்ந்ததை அவற்றின் எதிரொலி என்று மட்டும் கொள்ள இயலாது. மார்பில் அடித்து அழுதல், நடுங்கி விழுதல், பாவ அறிக்கை ஆகியவற்றோடு அந்நியபாஷையும் தீர்க்கதரிசனமும் அங்கு வெளிப்பட்டன. பெண்களும் சிறுவர்களும் சபையில் பேசினர். சம்பளம் பெறாத ஆண்களும் பெண்களும் ஊர் ஊராகப் புறப்பட்டுச் சென்றனர். அலை வட திருநெல்வேலியின் சி.எம்.எஸ். சபைகளையும் தொட்டது. ராக்லண்ட் 1854இல் தொடங்கிய சுற்றுப்பயண மிஷனின் களமும் அதுவே.

சி.எம்.எஸ். மிஷனரிகள் ஒரே குரலில் பேசவில்லை. எழுப்புதல் பற்றி எழுதிய ஆஷ்டன் டிப் அதனை முற்றாகத் தள்ளவில்லை, தயக்கத்தோடு வரவேற்றார். பாவ அறிக்கை, திருந்திய நடத்தை, சம்பளமற்ற ஊழியம் ஆகியவை வரவேற்கத்தக்கனவாகத் தோன்றின. நடுக்கமும் தரிசனமும் ஐயத்திற்குரியனவாகத் தோன்றின. கனியைக் கொண்டு மரத்தை அறிதல், சபையில் யாவும் ஒழுங்காய் நடத்தல் என்னும் இரண்டு வேதாகம அளவுகோல்களும் இங்கு ஒன்றோடொன்று மோதின. முதலாவதன்படி பார்த்தால் போகலாம். இரண்டாவதன்படி பார்த்தால் போகக்கூடாது. 1860இல் உருவான இந்த இரட்டை அளவுகோலே அடுத்த ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் தமிழ்ச் சபைகளில் தொடர்ந்தது என்பது கவனத்திற்குரியது.

'ஆவி' என்னும் சொல்

இவ்விரண்டு அளவுகோல்களும் மிஷனரிகளுடையவை. சபை மக்களிடம் மூன்றாவது அளவுகோல் ஒன்றும் இருந்திருக்க வேண்டும். கால்டுவெல் 1849இல் வெளியிட்ட சாணார் சமூகம் பற்றிய நூலில் அப்பகுதியின் பேயாட்டத்தை விரிவாக வருணித்துள்ளார். உடல் நடுங்குதல், தன்னிலை மறத்தல், வேற்றுக் குரலில் பேசுதல், குறி சொல்லுதல் ஆகியன கோமரத்தாடியின் அடையாளங்கள். கிறித்தவம் தழுவிய முதல் தலைமுறையினர் எவற்றை விட்டு வந்தார்களோ, அவற்றில் முதன்மையானது இதுவே. எனவே ஜெபக்கூட்டத்தில் ஒருவர் நடுங்கி விழுந்தபோது, பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அது வேற்று நிகழ்வாகத் தோன்றியிருக்காது. மிகவும் பழகிய நிகழ்வாகவே தோன்றியிருக்கும். அவரது கேள்வி "இது மெய்யா?" என்பதைவிட "வந்திருப்பது யார்?" என்பதாகவே இருந்திருக்கும்.

தமிழ் இதனை மேலும் கூர்மையாக்குகிறது. மூச்சு, நீராவி, உயிர், இறந்தவரின் உரு, கடவுளின் மூன்றாம் ஆள் ஆகிய அனைத்தையும் 'ஆவி' என்னும் ஒரே சொல் குறிக்கிறது. 'பரிசுத்த', 'அசுத்த' என்னும் அடைமொழிகளே வேறுபாட்டைத் தாங்குகின்றன. சீர்திருத்தச் சபைகளின் வழக்கிலுள்ள மொழிபெயர்ப்பு கொரிந்தியர் நிருபத்தில் 'அந்நியபாஷை' என்று கூற, 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் 'பரவசப் பேச்சு' என்று கூறுகிறது. முன்னதன்படி அது எங்கோ ஓரிடத்தில் வழங்கும் மொழி; பின்னதன்படி அது ஒரு மனநிலையின் வெளிப்பாடு. கேட்பவர் எந்தச் சொல்லோடு கூட்டத்திற்குள் நுழைகிறாரோ, அதற்கேற்பவே அவர் கேட்பதும் அமைகிறது. மொழிபெயர்ப்பு வரலாற்றாளர்கள் இப்பகுதியை இன்னும் போதிய அளவு தொடவில்லை.

அடுத்த தலைமுறையில் திருவிதாங்கூர் எழுப்புதல் ஓர் எச்சரிக்கையாகவும் அமைந்தது. வித்வான் குட்டி எனப்பட்ட ஜஸ்டஸ் ஜோசப்பைச் சார்ந்தவர்கள் 1875இல் பிரிந்து யூயோமய சபையை நிறுவி, 1881இல் கிறிஸ்துவின் வருகை நிகழும் என்று எதிர்பார்த்தனர். அந்த ஆண்டு வருகையின்றிக் கழிந்தது. எழுப்புதலுக்குப் போகாதே என்று சொல்ல விரும்பிய குருமாருக்கு இதைவிட வலிய சான்று கிடைத்திருக்காது.

முழுக்கு, நகை, மருந்து

இருபதாம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. எழுப்புதல் சபைக்குள் வந்து போகும் காற்றாக இருந்த வரையில் போதல் மட்டுமே கேள்வி. பெந்தெகொஸ்தே தனிச் சபையாக உருவெடுத்ததும் சேர்தல் என்னும் கேள்வி பிறந்தது. 1913இல் பெங்களூர் வந்த ராபர்ட் எஃப். குக் போன்ற அயலகத்தார் ஒருபுறம் இருக்க, தமிழரிடையே ஆழமாக வேரூன்றியது இலங்கையில் 1920களில் தொடங்கிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன். அதன் நிறுவனர் பாஸ்டர் பால், கேரளத்தில் இந்துக் குடும்பத்தில் பிறந்து இலங்கையில் கிறித்தவரானவர். அயல்நாட்டுப் பணத்தையோ மிஷன் சங்கத்தையோ சாராமல், ஊழியர்கள் விசுவாச வீடுகளில் கூடி வாழும் அமைப்பு அது. வெள்ளை ஆடை, மணவாழ்வைத் துறந்த ஊழியர், நகையின்மை, மருந்தை விலக்கித் தெய்வீக சுகத்தை மட்டுமே நம்புதல் ஆகியவை அதன் அடையாளங்கள்.

இவை ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்திற்குள் முடிவெடுக்க வேண்டிய பொருள்கள் என்பதை அமைப்பு வரலாறுகள் எளிதில் மறந்துவிடுகின்றன. நகையைக் கழற்றுதல் என்பது சில சபைகளில் தாலியையும் உள்ளடக்கியது. கணவன் தாய்ச்சபையிலும் மனைவி விசுவாச வீட்டிலுமாக இருந்த இல்லங்களில், கழுத்து வெறுமையாக இருப்பது ஊராருக்கும் மாமியாருக்கும் என்ன பொருளைத் தந்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. மருந்தை மறுத்தல் இதனினும் பாரதூரமானது. நெய்யூர், வேலூர் மருத்துவமனைகளைத் தம் பெருமையாகக் கொண்ட சமூகம் இது. மிஷன் மருத்துவமனையில் செவிலியராகப் பணியாற்றும் மகளும், காய்ச்சலுக்கு ஜெபம் மட்டுமே என்று முடிவெடுத்த தாயும் ஒரே வீட்டில் இருந்திருக்கக்கூடிய காலம். இங்குப் பணயமாக நின்றது ஓர் உயிர். பெரும்பாலும் குழந்தையின் உயிர். இக்கோட்பாட்டை வெறும் இறையியல் வேறுபாடாக எழுதும் ஆய்வுகள் அதன் எடையைக் குறைத்தே மதிப்பிடுகின்றன.

முழுக்கு ஞானஸ்நானத்தின் எடை வேறு வகையானது. குழந்தைப் பருவத்தில் தெளிப்பு ஞானஸ்நானம் பெற்றவர் மறுபடியும் தண்ணீரில் இறங்குவது, முதலாவது செல்லாது என்று ஒப்புக்கொள்வதாகும். அதாவது தன் பெற்றோரும் அவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்த ஐயரும் செய்தது ஞானஸ்நானமே அன்று என்று ஊரறியச் சொல்வதாகும். ஆண்டுக்கணக்கில் காத்திருப்புக் கூட்டங்களுக்கும் முழு இரவு ஜெபங்களுக்கும் போய்வந்த பலர் தண்ணீரின் விளிம்பில் நின்றுவிட்டதன் காரணம் இங்கு இருக்கிறது. அவர்களை அரைமனத்தினர் என்று பெந்தெகொஸ்தேயினரும், வழிதவறியோர் என்று தாய்ச்சபையினரும் கருதினர். இரண்டு மதிப்பீடுகளும் அவர்களுக்கு நியாயம் செய்யவில்லை.

கல்யாண ஓலையும் கல்லறைத் தோட்டமும்

சபை உறுப்பினர் என்பது தமிழ்ச் சீர்திருத்தக் கிறித்தவரிடையே நம்பிக்கை அறிக்கையாக மட்டும் இருந்ததில்லை. சங்கக் காணிக்கை செலுத்தி வருபவரின் பிள்ளைக்கே கோயிலில் கல்யாண ஓலை வாசிக்கப்படும். அவருக்கே கல்லறைத் தோட்டத்தில் இடம் உண்டு. 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறித்தவத் திருமணச் சட்டம் ஆயர் வழிக் குருப்பட்டம் பெற்றோருக்குத் திருமணம் நடத்தும் தகுதியை இயல்பாகவே அளிக்கிறது. ஏனைய ஊழியருக்குத் தனி உரிமம் வேண்டும். சிறிய பெந்தெகொஸ்தே கூட்டம் ஒன்றின் பாஸ்டர் பெரும்பாலும் இரண்டாம் வகையினர். எனவே மகளுக்குத் திருமணம் முடியும் வரை காத்திருந்து பின்னர் முழுக்கு எடுத்தல் என்பது பக்திக் குறைவால் நிகழ்ந்ததாகக் கொள்ளத்தக்கதன்று. சட்டத்தையும் உறவுமுறையையும் அறிந்தவரின் கணக்கு அது.

அடக்கம் இன்னும் கடினமானது. புதிய சபைகளுக்கு நிலம் இல்லை. கல்லறைத் தோட்டம் தாய்ச்சபையின் சொத்து. தந்தையின் கல்லறைக்கு அருகில் தனக்கு இடமில்லை என்னும் எண்ணம் முதியவர்களை எவ்வளவு தூரம் தடுத்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். சாதிவாரியாக அமைந்த ஊர்ச் சபைகளில் இவ்வினா மேலும் சிக்கலானது; அது தனிக் கட்டுரைக்கு உரியது.

ஞாயிறு காலை, ஞாயிறு மாலை

1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவானபின் சென்னையில் வேறொரு வழக்கம் வளர்ந்தது. லயனல் காப்லன் 1987இல் வெளியிட்ட சென்னைச் சீர்திருத்தக் கிறித்தவர் பற்றிய மானிடவியல் நூல் இதனை நன்கு காட்டுகிறது. மேல்தட்டு உறுப்பினரும் இறையியல் பயின்ற தலைவர்களும் ஏவல், சூனியம், பேய் ஆகியவற்றை மூடநம்பிக்கை என்று ஒதுக்கினர். எளிய உறுப்பினருக்கோ அவை அன்றாட உண்மைகள். தம் துன்பத்திற்குத் தாய்ச்சபையில் காது கிடைக்காதபோது, அதைக் கேட்டு, பெயரிட்டு, தலைமேல் கைவைத்து ஜெபித்தவர்களிடம் அவர்கள் போனார்கள். கால்டுவெல் காலத்தின் மூன்றாவது அளவுகோல் இங்கு மீண்டும் தலைகாட்டுகிறது. 'வந்திருப்பது யார்?' என்ற கேள்வியை மதித்து எதிர்கொண்ட இடத்தை மக்கள் தேடினர்.

காலையில் கதீட்ரல், மாலையில் ஜெபக்கூட்டம் என்னும் இரட்டை வருகையைப் பாசாங்கு என்று கூறுவதற்கில்லை. டி.ஜி.எஸ். தினகரனின் வாழ்வே இதற்குச் சான்று. வங்கி ஊழியராக இருந்தபோது 1962இல் தாம் கிறிஸ்துவைக் கண்டதாகச் சாட்சி கூறிய அவர், அந்நியபாஷையையும் சுகமளிக்கும் வரத்தையும் பேசியபோதும் தென்னிந்தியத் திருச்சபையை விட்டு விலகவில்லை. அவரது பெருங்கூட்டங்களுக்குப் போனவர் மறுமுழுக்கு எடுக்க வேண்டியதில்லை, நகை கழற்ற வேண்டியதில்லை, கல்லறைத் தோட்டத்தை இழக்க வேண்டியதுமில்லை. போதலுக்கும் சேர்தலுக்கும் இடையில் நூறாண்டாக இருந்த விலை அங்கு ஏறத்தாழ இல்லாமற்போனது. சைதாப்பேட்டையில் 1973இல் தொடங்கிப் பல்லாயிரவர் கூடும் சபையாக வளர்ந்த அசெம்பிளீஸ் ஆஃப் காட் போன்றவை சேர்தலையே கேட்டன. ஆனால் அவையும் நகரின் பெயரறியாத் திரளில், உறவினர் கண்காணிப்பிற்கு வெளியே, அதைக் கேட்க முடிந்தது.

இப்போக்கை அளவிட விரும்பும் ஆய்வாளருக்குத் தாய்ச்சபைப் பதிவேடுகள் அரைத் துணையே செய்யும். ஞானஸ்நானம், திடப்படுத்தல், திருமணம், அடக்கம் ஆகிய நான்கும் அவற்றில் உண்டு, மாலைக்கூட்டங்கள் இல்லை. ஆயினும் திடப்படுத்தல் பெற்ற பெயர் ஒன்று திருமணப் பதிவில் இருந்து, அடக்கப் பதிவில் மட்டும் காணாமற்போகும் இடங்களைக் குறித்துக்கொண்டு, அதே ஆண்டுகளின் சங்கக் காணிக்கைக் கணக்கோடு ஒப்பிட்டால், தண்ணீரில் இறங்கியவர்கள் எந்த வயதில், எந்தக் கடமையை முடித்தபின் இறங்கினர் என்பது ஓரளவு புலப்படும். ஊர் மாறியவர்களை அதிலிருந்து பிரித்தெடுப்பதற்குச் சபை மாற்றச் சான்றிதழ்களின் அடிக்கட்டைகள் உதவக்கூடும். கறையான் விட்டுவைத்த அளவில் அவை இன்னும் பல சேகரங்களின் அலமாரிகளில் கிடக்கின்றன.