ஸ்லோன் டாக்டரும் கழுதைப்பால் விளம்பரமும்

பால் சாக்லேட்டை முதலில் செய்தவர் யார்? வினாடி வினாக்காரர்கள் இரண்டு விடை வைத்திருக்கிறார்கள். ஒன்று, சர் ஹான்ஸ் ஸ்லோன் என்ற லண்டன் டாக்டர். இன்னொன்று, டேனியல் பீட்டர் என்ற சுவிட்சர்லாந்துக்காரர். இரண்டு பேருக்கும் நடுவே ஏறக்குறைய இருநூறு வருஷம்! யாராவது ஒருவர்தானே முதலாவதாக இருக்க முடியும்? பழைய காகிதங்களைத் தோண்டிப் பார்த்துவிடுவது என்று இறங்கினேன்.

ஸ்லோன் கதை இப்படிப் போகிறது. 1687-ல் அவர் ஜமைக்கா கவர்னரின் வைத்தியராகக் கப்பலேறினார். அங்கே எல்லோரும் குடித்த சாக்லேட் பானம் அவருக்குக் குமட்டியது. பாலைக் கலந்து பார்த்தார், அமிர்தமாக இருந்தது, செய்முறையோடு லண்டன் திரும்பினார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சாட்சி?

சாட்சி என்று காட்டப்படுவது ஒரு கடைச் சீட்டு. லண்டன் ஸோஹோ பகுதியில், கிரீக் தெருவில் கடை வைத்திருந்த வில்லியம் வைட் என்பவர் அச்சடித்தது. நிக்கோலஸ் சாண்டர்ஸ் என்பவருக்குப் பிறகு அந்த வியாபாரத்தை ஏற்றவர் அவர். 'சர் ஹான்ஸ் ஸ்லோனின் பால் சாக்லேட்' தன்னிடம் மட்டுமே தயாராகிறது, வயிற்றுக்கு இலேசானது, காசநோய்க்காரர்களுக்கு நல்லது என்றெல்லாம் அதில் பெருமை அடித்துக்கொள்கிறார். சரக்கை விற்க டாக்டர் பெயரைச் சேர்ப்பது அன்றைக்கும் உண்டு! இதை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுத முடியாது.

ஸ்லோனே என்ன எழுதினார்? அவருடைய ஜமைக்கா பயண நூலின் முதல் பாகம் 1707-ல் வந்தது. அதில் சாக்லேட் பற்றிய பத்தியை நிறுத்தி நிதானமாகப் படித்தேன். காலையில் எல்லோரும் குடிக்கிறார்களாம், முட்டையும் கலக்கிறார்களாம். நிறையக் குடித்தால் குமட்டுகிறது, சீரணமாவதில்லை, எண்ணெய்ப் பசைதான் காரணமாக இருக்கும் என்கிறார். பால் என்ற சொல் ஓர் இடத்தில் வருகிறது. எதற்கு? இங்கிலாந்துப் பிள்ளைகள் பால் குடிப்பது போல இங்கே பிள்ளைகள் சாக்லேட் குடிக்கிறார்கள் என்று சொல்வதற்கு! நான் பாலைக் கலந்தேன் என்ற பேச்சே அந்தப் பத்தியில் இல்லை.

அதைவிடப் பெரிய அடி இன்னொரு புத்தகத்திலிருந்து விழுந்தது. ஹென்றி ஸ்டப் என்ற வைத்தியர் சாக்லேட்டைப் பற்றியே ஒரு நூல் எழுதி 1662-ல் லண்டனில் அச்சிட்டார். ஸ்பெயின்காரர்கள் போல வெறும் தண்ணீரில் காய்ச்சுவது நம்மவர்களுக்குப் போதவில்லை, பாலிலோ, பாதி பால் பாதி தண்ணீரிலோ காய்ச்சுகிறார்கள் என்று அதில் இருக்கிறது. ஸ்லோன் பிறந்தது 1660. தொட்டிலில் கிடந்த குழந்தையா சாக்லேட்டில் பால் ஊற்றியது?

ஸ்லோனைப் பற்றி இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அவர் மனைவி எலிசபெத், ஜமைக்கா தோட்ட முதலாளி ஒருவரின் விதவை. அந்தத் தோட்டங்களில் அடிமைகளாக்கப்பட்ட ஆப்பிரிக்க மக்கள் சிந்திய வியர்வை, லண்டன் வீட்டுக்குப் பணமாக வந்தது. ஸ்லோன் வாங்கிக் குவித்த பொருள்களை வைத்துத்தான் 1753-ல் பிரிட்டிஷ் மியூசியம் உருவானது. கடைச் சீட்டில் டாக்டரின் பெயர் இருக்கிறது, அந்த மக்களின் பெயர் இல்லை.

சரி, வைட் விற்ற 'பால் சாக்லேட்'டில் பால் இருந்ததா? இல்லை. அது பாலில் போட்டுக் காய்ச்சிக் குடிப்பதற்கான கட்டி. கட்டியை வாங்குகிறவர் வீட்டு அடுப்பில்தான் பால் சேர்ந்தது. ஏன் முன்பே சேர்க்கவில்லை என்று புரிய, கோகோ மரத்தடிக்குப் போக வேண்டும்.

பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக நிற்கும் கோகோவைப் பார்த்திருக்கிறீர்களா? பலா மாதிரி அடிமரத்திலேயே காய்க்கும். காயை உடைத்தால் வழுவழுப்பான வெள்ளைச் சதைக்குள் வரிசையாக விதைகள். சதையோடு குவித்து, வாழை இலை போட்டு மூடி, ஐந்தாறு நாள் புளிக்க விடுவார்கள். சாக்லேட் மணம் பிறக்க வழி செய்வது இந்தப் புளிப்புதான். பிறகு வெயிலில் காயவைத்து, வறுத்து, தோல் நீக்கி அரைப்பார்கள். தண்ணீர் ஊற்ற வேண்டியதே இல்லை. விதையில் ஏறக்குறைய பாதி கொழுப்பு என்பதால் அரைக்க அரைக்கத் தானே கூழாகிவிடும்.

இந்தக் கூழுக்குத் தண்ணீர் ஆகாது. பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, உருக்கிய சாக்லேட்டில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் கலக்கிப் பாருங்கள். மினுமினுவென்று ஓடியது சட்டென்று இறுகி, மணல் மணலாகத் திரளும். பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர்தான். அதை அப்படியே ஊற்றினால் கட்டி சரியாகச் சேராது, சேர்ந்தாலும் பூசணம் பிடிக்கும்.

வெவே நகரத்து டேனியல் பீட்டர் மல்லுக்கட்டியது இதோடுதான். மெழுகுவத்தி செய்துகொண்டிருந்தவர், மண்ணெண்ணெய் விளக்கு வந்ததும் தொழில் படுத்துவிட்டது. மனைவி ஃபேனி, கையேர் என்ற சாக்லேட் குடும்பத்துப் பெண். ஊரிலேயே குழந்தைகளுக்குப் பால்மாவு செய்த ஆன்றி நெஸ்லே இருந்தார். பாலில் தண்ணீரை வற்றவைத்துச் சேர்க்கும் வழியை பீட்டர் 1875-ல் கண்டதாகப் பொதுவாக எழுதுகிறார்கள். ஆனால் கெடாத, கடித்துத் தின்னும் கட்டியாக அது தேற இன்னும் பத்து வருஷத்துக்கு மேல் ஆனது.

ஆக, பீட்டர்தானா முதல்வர்? அங்கேதான் மூன்றாவது ஆள் நுழைகிறார். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தில் யோர்டான் - டிமேயுஸ் என்ற கம்பெனி, 1839-ல் உள்ளூர்ப் பத்திரிகையில் பால் சேர்த்த சாக்லேட்டுக்கு விளம்பரம் கொடுத்திருக்கிறது. என்ன பால் தெரியுமா? கழுதைப்பால்! நம் தெருக்களில் கழுதையை ஓட்டிவந்து சங்களவு பால் கறந்து விற்பவர்களைப் பார்த்தவர்கள் சிரிக்க மாட்டார்கள். பிள்ளைகளுக்கு நல்லது என்ற நம்பிக்கை ஐரோப்பாவிலும் இருந்தது. விளம்பரத்தை நம்பக் கூடாது என்று சொன்னவனும் நான்தான். சரக்கு அமிர்தம் என்பதற்கு அது சாட்சியாகாது. சரக்கு அன்று கடைக்கு வந்தது என்பதற்கு அதுவே போதும்.

பள்ளியில் வினாடி வினா நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஸ்லோன் என்று எழுதினால் மதிப்பெண் வேண்டாம். பீட்டர் என்றால் பாதி கொடுங்கள், கெடாத கட்டி அவருடையது. டிரெஸ்டன், 1839, கழுதைப்பால் என்று எழுதும் பிள்ளைக்கு முழு மதிப்பெண் போடுங்கள்.