சிவப்பு வண்டியும் மூணு கதவும்

போன வாரம் ஆபீஸில் அப்ரைசல் முடிந்தது. ரேட்டிங் பற்றிப் புலம்பப் போவதில்லை, பயப்படாதீங்க. மேனேஜர் சொன்ன ஒரு வரிதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. "இனிமே நீ கோட் எழுதறதைக் குறைச்சுக்கணும்பா, ஆளுங்களைப் பாத்துக்கற வேலைக்கு வரணும்." அதாவது வேலை நல்லாத் தெரிந்தவனை அந்த வேலையிலிருந்து எடுத்துவிடுவதுதான் எங்கள் துறையில் ப்ரமோஷன்.

ஓ.எம்.ஆரிலிருந்து திருவொற்றியூர் வந்து சேர ரெண்டு மணி நேரம். அந்த ரெண்டு மணி நேரத்தில் யோசித்ததுதான் இந்தப் பதிவு. கம்ப்யூட்டர் கம்பெனியில் மேலே போகிறவனுக்குக் கீழே நடக்கிற வேலை மறந்துபோனால் ஒரு ரிலீஸ் தள்ளிப்போகும், அவ்வளவுதான். தீயணைப்புத் துறையில்?

எங்க ஏரியா ஆட்களுக்கு இது சும்மா வந்த கேள்வி இல்லை. 2023 டிசம்பர் 26 ராத்திரி, பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால், எண்ணூரில் ஒரு உரத் தொழிற்சாலைக்குக் கப்பலிலிருந்து அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. பெரியகுப்பம், சின்னக்குப்பம் ஜனங்கள் கண் எரிச்சலோடு, மூச்சு முட்டி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடி வந்தார்கள். பல பேர் ஆஸ்பத்திரியில். தேதியைப் பாருங்கள். சுனாமி வந்த அதே டிசம்பர் 26, பத்தொன்பது வருஷம் கழித்து. சுனாமியப்போ நான் ஒண்ணாங்கிளாஸோ ரெண்டாங்கிளாஸோ. அன்றைக்கு ஓடியது ஞாபகம் இருக்கிற எல்லோருக்கும் இது ரெண்டாவது ஓட்டம்.

எங்க சித்தி வீடு அந்தப் பக்கம்தான். போன் வந்ததும் எனக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை. எதிர் வீட்டு மாமாதான் லுங்கியோடு இறங்கி வந்து போனை என்னிடமிருந்து வாங்கினார். தீயணைப்போனாகச் சேர்ந்து, முன்னணி தீயணைப்போனாக ரிட்டயர் ஆனவர். "இன்னாம்மா, பதறாத. துணிய நல்லா நனைச்சு மூக்குல வாயில கட்டிக்கோ. பசங்களுக்கும் கட்டு. காத்து எந்தப் பக்கம் அடிக்குது பாரு. காத்து கூடவே ஓடாத, எதிர்லயும் போவாத, குறுக்கால போ." அவ்வளவுதான். முப்பது செகண்டு.

அம்மோனியா தண்ணீரில் வேகமாகக் கரையும். அதனால்தான் ஈரத்துணி, அதனால்தான் தீயணைப்பு வண்டிகள் அந்த மாதிரி இடத்தில் தண்ணீரைத் திரை மாதிரி அடிக்கும். இதெல்லாம் எனக்கு மறுநாள் கூகிள் பண்ணித்தான் தெரிந்தது. மாமாவுக்கு மனப்பாடம். மறுநாள் என்று சொல்லும்போதுதான் இன்னொன்று. அதே டிசம்பர் 27 அன்று தண்டையார்பேட்டை எண்ணெய் முனையத்தில் எத்தனால் டேங்க் வெடித்து ஒருவர் இறந்தார். எத்தனால் நெருப்பு வேறு ஜாதி. அது தண்ணீரோடு கலக்கிற சமாச்சாரம் என்பதால், பெட்ரோல் தீக்கு அடிக்கிற சாதாரண நுரையை உடைத்துவிடும். ஆல்கஹாலைத் தாங்குகிற தனி நுரை வேண்டும். பன்னிரண்டு மணி நேர இடைவெளியில் இரண்டு ரசாயனம், இரண்டு வைத்தியம். இந்த ஊரில் சிவப்பு வண்டியின் முன்சீட்டில் உட்காருகிறவருக்கு இதெல்லாம் விரல் நுனியில் இருக்க வேண்டும்.

சரி, சரித்திரத்துக்கு வருவோம். சென்னை நகருக்கென்று தீயணைப்புப் படை 1908-ல் வந்தது. ஆறே வருஷத்தில், 1914 செப்டம்பர் 22 ராத்திரி, எம்டன் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று பர்மா ஆயில் கம்பெனியின் டேங்குகள் மேல் குண்டு போட்டது. நூற்று முப்பது குண்டு, அரை மணி நேரம். அதற்கப்புறம் "அவன் பெரிய எம்டன்" என்று சொல்லப் பழகினோம். எம்டன் கதையில் எல்லோரும் கப்பலைப் பார்ப்பார்கள், எனக்கு அந்த டேங்குகள்தான் கண்ணில் படும். வடசென்னையின் ஜாதகத்தை எழுதியது அவைதான். அப்புறம் மணலியில் சுத்திகரிப்பு ஆலை, உரம், எண்ணூரில் அனல் மின் நிலையம், 2001-ல் எண்ணூர் துறைமுகம் (இப்போ காமராஜர் துறைமுகம்). எரிகிற பொருள் எல்லாம் இந்தப் பக்கம், எரியாத கண்ணாடிக் கட்டடம் எல்லாம் நான் வேலை பார்க்கிற பக்கம்.

இப்போ அந்த மூணு கதவு.

தமிழ்நாடு தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறைக்குள் நுழைய மூன்று வழி. முதல் கதவு எங்க மாமா போனது: தீயணைப்போன். இரண்டாம் நிலைக் காவலர், சிறைக்காவலரோடு சேர்த்து சீருடைப் பணியாளர் தேர்வாணையம் வைக்கிற பரீட்சை, ஓட்டம், கயிறு ஏறுதல். அங்கிருந்து மேலே ஏறலாம், ஆனால் படிகள் உயரம், வருஷங்கள் நீளம். அதே வாரியம் நிலைய அலுவலர்களையும் நேரடியாக எடுக்கும், அதை முதல் கதவின் பக்கத்து ஜன்னல் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது கதவு குரூப் ஒன்று. டி.என்.பி.எஸ்.சி. எழுதி, டெபுடி கலெக்டர், டி.எஸ்.பி. வரிசையில் மாவட்டத் தீயணைப்பு அலுவலராக நேரே அதிகாரியாக வருவது. மூன்றாவது கதவு உச்சி மாடியில் இருக்கிறது. அதில் ஐ.பி.எஸ். அதிகாரிகள்தான் வருவார்கள். துறையின் இயக்குநர் நாற்காலி ரொம்ப காலமாக அவர்களுக்குத்தான். கேரளா, கர்நாடகாவிலும் இதே கதை.

உதாரணத்துக்கு ஆர். நடராஜ். தீயணைப்புத் துறை இயக்குநராக இருந்தார், 2012-ல் டி.என்.பி.எஸ்.சி. தலைவரானார். அதாவது மூன்றாவது கதவு வழியாக வந்தவர், போய் இரண்டாவது கதவுக்குச் சாவி வைத்திருக்கிற இடத்தில் உட்கார்ந்தார் :-) 2016-ல் மயிலாப்பூர் எம்.எல்.ஏ. சைலேந்திரபாபுவும் தீயணைப்புத் துறையில் இருந்தவர், 2021-ல் மாநிலக் காவல்துறைத் தலைவரானார். இவர்கள் திறமை பற்றி நான் பேசவில்லை, அதற்கு எனக்குத் தகுதியும் இல்லை. சொல்ல வருவது வேறு. அவர்களுடைய நீண்ட பயணத்தில் தீயணைப்பு ஒரு ஸ்டேஷன். கீழே இருக்கிறவர்களுக்கு அதுதான் மொத்த ரயிலும்.

இரண்டாவது கதவில் வந்தவர்களில் நாம் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர் பிரியா ரவிச்சந்திரன். 2003-ல் குரூப் ஒன்று மூலமாக அவரும் மீனாட்சி விஜயகுமாரும் இந்தத் துறைக்கு அதிகாரிகளாக வந்தார்கள். நாட்டிலேயே பெண்கள் இப்படி வந்தது அதுதான் ஆரம்பம் என்று சொல்லலாம். அதே காலத்தில்தான் நாக்பூர் தேசியத் தீயணைப்புக் கல்லூரியில் முதல் பெண்ணாக ஹர்ஷினி கன்ஹேகர் படித்துக்கொண்டிருந்தார் (அவர் பின்னால் ஓ.என்.ஜி.சி.க்குப் போனார்).

2012 ஜனவரி, பொங்கல் லீவு. சேப்பாக்கம் எழிலகம் வளாகத்தில், நவாப் காலத்துக் கலச மஹாலில் நள்ளிரவில் தீ. உள்ளே அரசு அலுவலகங்கள், காகிதமும் பழைய மரமுமாக. பிரியா தன் ஆட்களோடு உள்ளே போனார். கூரை இடிந்து விழுந்தது. அன்பழகன் என்ற தீயணைப்பு வீரர் இறந்தார். பிரியா பலத்த தீக்காயங்களோடு மீட்கப்பட்டு, நீண்ட சிகிச்சைக்குப் பிறகு திரும்ப டூட்டிக்கே வந்தார். அண்ணா பதக்கம் கிடைத்தது. இணை இயக்குநர் வரை உயர்ந்தார். 2022-ல் அவருக்கு ஐ.ஏ.எஸ். வழங்கப்பட்டது.

இதைப் படிக்கும்போது முதலில் கை தட்டத்தான் தோன்றியது. அப்புறம் ஒரு சின்ன உறுத்தல். தீக்குள் போய் உயிரோடு வந்த ஒரு அதிகாரிக்கு மேலே போக அடுத்த வழி, அந்தத் துறையை விட்டு வெளியே போவதாக இருக்கிறது. அவருக்குக் கிடைத்த மரியாதை சரிதான். துறைக்கு?

"பெரிய ஆபீசர் எதுக்கு உள்ள போவணும்? வெளிய நின்னு ஆளை நடத்தணும்" என்று கேட்கிறவர்கள் உண்டு. புத்தகமும் அதைத்தான் சொல்லும். ஆனால் சரித்திரம் அப்படி நடக்கவில்லை. லண்டனின் முதல் தீயணைப்புத் தலைவர் ஜேம்ஸ் பிரெய்ட்வுட். கட்டட வேலை தெரிந்தவர், எடின்பரோவில் 24 வயதிலேயே தலைவரானவர். தெருவில் நின்று ஜன்னல் வழியாகத் தண்ணி அடிக்காதே, உள்ளே போய் தீயின் மூலத்தில் அடி என்று சொல்லிக்கொடுத்தவர். 1861 ஜூன் 22, தேம்ஸ் கரையில் டூலி தெருவில் கிடங்குகள் எரிந்தன. சணல், பருத்தி, கொழுப்பு. நம்ம ராயபுரம் பழைய கிடங்குகளை நினைத்துக்கொள்ளுங்கள், அதே மாதிரி. களைத்துப்போன ஆட்களுக்குப் பிராந்தி கொடுத்துக்கொண்டு வந்த பிரெய்ட்வுட் மேல் சுவர் விழுந்தது. தீ முழுசாக அடங்க ரெண்டு வாரம் ஆனது.

அவருக்கு அடுத்து வந்த மாஸி ஷா யார் தெரியுமா? முன்னாள் ராணுவ ஆள், பெல்ஃபாஸ்ட்டில் போலீஸையும் தீயணைப்பையும் சேர்த்துப் பார்த்தவர். என் வாதத்துக்கு அங்கேயே ஒரு ஓட்டை :-( ஆனால் ஷா முப்பது வருஷம் அதே வேலையில் இருந்தார். வந்த இடத்திலேயே வேர் விட்டார். கயிறு, உயரம், ராத்திரி எல்லாம் பழகியவர்கள் என்று மாலுமிகளைத் தேடித் தேடி எடுத்தார். ஆள் எங்கிருந்து வருகிறார் என்பதைவிட எவ்வளவு நாள் இருக்கிறார் என்பதுதான் முக்கியமோ என்று இந்த இடத்தில் கொஞ்சம் ஆடிப்போனேன்.

மும்பையில் தலைமைத் தீயணைப்பு அதிகாரி துறைக்குள்ளிருந்தே வருகிறவர். 2015 மே 9, கல்பாதேவியில் கோகுல் நிவாஸ் என்ற பழைய கட்டடம் எரிந்து சரிந்தபோது நான்கு அதிகாரிகளை மும்பை இழந்தது. அதில் தலைமை அதிகாரி சுனில் நெஸ்ரிகரும் ஒருவர், ஆஸ்பத்திரியில் ரெண்டு வாரம் போராடி இறந்தார். ஒரு மாநகரத்தின் முதல் நாற்காலியே தீயில் போயிற்று.

மறுபக்கம் லண்டன் 2017. டேனி காட்டன், 1988-ல் பதினெட்டு வயதில் சாதாரண வீரராகச் சேர்ந்து, லண்டன் தீயணைப்பின் தலைமைக்கு வந்த முதல் பெண். வந்த சில மாதங்களில் கிரென்ஃபெல் டவர். வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்று கட்டடவாசிகளுக்குச் சொல்லப்பட்ட அறிவுரையை ராத்திரி 2:47-க்கு மாற்றியவர் அங்கே வந்து பொறுப்பேற்ற ஆண்டி ரோ. முன்னாள் ராணுவ அதிகாரி, ஆனால் 2002-லேயே தீயணைப்பில் சேர்ந்தவர். இறந்தவர்கள் 72 பேர். கீழிருந்து வந்தவர்தான் நல்ல தலைவர் என்று நான் எழுத நினைத்ததை இதுவும் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. 2020-ல் காட்டனுக்குப் பின் ரோ தலைவரானார். ஆனால் இரண்டு பேருமே பைப்பைப் பிடித்தவர்கள் என்பதை மட்டும் கவனியுங்கள்.

இங்கே எங்க தெருவில் மின்கம்பத்துக்கு மின்கம்பம் "ஃபயர் அண்ட் சேஃப்டி டிப்ளமோ, உடனடி வேலை" போஸ்டர். வெளிநாட்டு வேலையில் கண் வைத்திருக்கிற பசங்களுக்கு அது நாலாவது கதவு. என் கிளாஸ்மேட் ஒருத்தன் துபாய் பக்கம் ஒரு ரிஃபைனரியில் இருக்கிறான். என்னைவிட சம்பளம் அதிகம், நுரையைப் பற்றி மாமாவோடு வாட்ஸப்பில் சண்டை போடுவான்.

இன்னொரு விஷயம் சொல்ல மறந்துவிட்டேன். எரிந்துபோன கலச மஹாலைப் பின்னால் பழையபடியே புதுப்பித்தார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கே வந்தது. எண்ணூர் அம்மோனியா கசிவைத் தானாக முன்வந்து விசாரித்ததும் அந்த அமர்வுதான். அன்பழகன் செத்துப்போன கட்டடம்.

ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டுக்குப் போனேன், பேரன் குரூப் ஒன்றுக்குப் படிக்கிறான். பி.ஈ. மெக்கானிக்கல். "ரேங்க் வந்தா எதுடா எடுப்ப?" என்றேன். "டெபுடி கலெக்டர் அண்ணே. இல்லன்னா டி.எஸ்.பி. அதுவும் இல்லன்னா கமர்ஷியல் டாக்ஸ். அப்புறம் ஃபயர்."

மாமா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நாலாவது எடத்துலயாவது வெச்சிக்கிறியேடா" என்றார். அத்தை காபி கொண்டுவந்து வைத்தாங்க.