கயிறு அவிழ்க்குமுன்

சில ஆண்டுகளுக்கு முன் மலைநாட்டு ஏரி ஒன்றில் வாடகைப் படகு ஏறினோம். முதிய படகோட்டி கயிற்றை அவிழ்க்கவில்லை. "உயிர்காப்புச் சட்டையின் வாரை இறுக்கிக்கொள்ளுங்கள், ஐயா. நடுவில் யாரும் எழுந்து நிற்கக் கூடாது. எதைக் கண்டாலும் எல்லோரும் ஒரே பக்கம் சாயக் கூடாது" என்றார். வாடகை நேரம் கழிகிறதே என்பதுதான் என் கவலை. "தெரியும், புறப்படுங்கள்" என்றேன். அவரோ என் வாரைத் தாமே இழுத்துக் கட்டிய பின்னரே துடுப்பைத் தொட்டார். அந்த இரண்டு நிமிஷப் பேச்சுக்கு உலகம் கொடுத்த விலை எவ்வளவு என்பதைப் பின்னரே அறிந்தேன்.

1912 ஏப்ரலில் 'டைட்டானிக்' மூழ்கியபோது கப்பலில் சுமார் 2,200 பேர் இருந்தனர். உயிர்காப்புப் படகுகளிலோ 1,178 பேருக்கே இடமிருந்தது. இதனை யாவரும் அறிவர். அந்த இடமும் நிரம்பவில்லை என்பது அதனினும் பெருந்துயரம். எந்தப் படகுக்குச் செல்வது என்று பயணிகளுக்கு எவரும் முன்கூட்டிச் சொல்லி வைக்கவில்லை. பெருங்கப்பலை விட்டுச் சிறுபடகில் இறங்கவும் பலர் தயங்கினர். 65 பேர் ஏறத்தக்க முதற்படகு பாதிகூட நிரம்பாமல் இறங்கியது. உயிர் பிழைத்தோர் ஏறத்தாழ 700 பேரே.

1914-இல் லண்டனில் கூடிய நாடுகள் கடற்பயணப் பாதுகாப்புக்கென ஓர் உடன்படிக்கை செய்தன. பிற்காலத்து விதிகள் பயணிகளுக்குப் பயிற்சியும் வேண்டும் என்றன. ஆயினும் கப்பல் ஏறிய 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்று இடங்கொடுத்தன. ஆபத்து அத்தனை நேரம் காத்திருக்குமா? 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியின் சிவிதாவெக்கியாத் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட 'கோஸ்டா கான்கார்டியா' அன்றிரவே பாறையில் மோதியது. 32 பேர் மாண்டனர். அத்துறைமுகத்தில் ஏறிய நூற்றுக்கணக்கானோருக்கு அதுவரை பயிற்சி நடத்தப்படவில்லை. அதன் பின்னரே விதி திருந்தியது. 2015 ஜனவரி முதல், புறப்படுமுன் அல்லது புறப்பட்ட உடனே பயிற்சி நடத்தியாக வேண்டும்.

இது பெருங்கப்பல்களுக்கு மட்டுமே உரிய பாடம் என்று எண்ணலாகாது. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில், விலங்குகளைக் காணும் ஆவலில் பயணிகள் ஒரு பக்கமாக நகர, ஈரடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். எழுந்து நிற்போரின் பாரம் மேலே ஏறுகிறது. ஒருபுறம் திரள்வோரின் பாரம் படகைச் சாய்க்கிறது. இரண்டும் சேர்ந்தால் நிமிர்ந்து நிற்கும் வலிமையைப் படகு இழக்கிறது. படகோட்டி விலக்கியது இவ்விரண்டையுமேயன்றோ!

இயற்பியல் நூல் எதனையும் அவர் படித்திருக்கமாட்டார். ஆனால் நீரில் விழுந்த பின் எதையும் கற்பிக்க இயலாது என்பதை அறிந்திருந்தார். இப்போதெல்லாம் படகு ஏறும்போது நானே வாரைக் கட்டிக்கொண்டு, ஓட்டுபவர் பேசி முடிக்கும் வரை காத்திருக்கிறேன். அவர் பேச மறந்தால், "ஐயா, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுக் கயிற்றை அவிழுங்கள்" என்று கேட்டுக்கொள்கிறேன்.