மழைக்கு முன் போடும் பணம்

நம் சங்கத்தின் 50 ஆண்டுகளை இம்மலர் பதிவு செய்கிறது. இதே காலத்தில் நம் வட்டாரத்தை வெள்ளத்திலிருந்து காக்கப் பொதுப் பணம் எப்படிச் செலவானது என்பதையும் நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

பத்து பகாட் மாவட்டத்தில் பெரும்பகுதி தாழ்ந்த நிலம். ஆயர் ஈத்தாமை அடுத்த பாரிட் ராஜாவின் பெயரையே பாருங்கள். 'பாரிட்' என்றால் மலாய் மொழியில் வாய்க்கால். வாய்க்கால் வெட்டி நீரை வடித்த பிறகே இப்பக்கம் தோட்டமும் வீடும் பெருகின.

1971 ஜனவரியில் கோலாலம்பூர் உட்படப் பல இடங்கள் வெள்ளத்தில் மூழ்கின. அவ்வாண்டு டிசம்பரில் அரசாங்கம் நிரந்தர வெள்ளக் கட்டுப்பாட்டு ஆணையத்தை அமைத்தது. 1972 முதல் வெள்ளத் தடுப்புப் பொறுப்பு வடிகால், நீர்ப்பாசன இலாகாவிடம் வந்தது. 1970களில் உலக வங்கிக் கடனுதவியுடன் மேற்கு ஜொகூர் விவசாய மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது. கடலோரக் கரைகள், உப்புநீரைத் தடுக்கும் மதகுகள், வாய்க்கால்கள் உருவாயின. 1984இல் நமக்கும் குளுவாங்குக்கும் இடையே செம்புரோங் அணை எழும்பியது. அது மழை வெள்ளத்தைத் தேக்குகிறது, குடிநீரும் தருகிறது.

ஆனாலும் 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் இரண்டு முறை பெருமழை கொட்டியது. ஜொகூரில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் வீட்டை விட்டு வெளியேறினர். சேதம் சுமார் 1.5 பில்லியன் ரிங்கிட். பத்து பகாட்டில் நீர் வடியப் பல வாரம் ஆனது. 2023 மார்ச்சிலும் அதே அவதி.

அப்படியானால் அணைக்குப் போட்ட பணம் வீணா? இல்லை. அது தேக்கிய அளவு நீர் நம் வீடுகளுக்கு வராமல் நின்றது. ஆனால் எந்த அணைக்கும் ஓர் அளவு உண்டு. சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களிலிருந்து மழை மண்ணை இழுத்து வரும்; தூர் சேரும்; அந்த அளவு குறையும். கட்டியதோடு செலவு முடிவதில்லை. பராமரிப்புக்கும் ஆண்டுதோறும் பணம் வேண்டும்.

வியாபாரிகளான நமக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. மழைக்காலத்துக்கு முன்பே அரிசி மூட்டைகளைப் பலகை மேல் ஏற்றி வைக்கிறோம். பலகையின் விலை நனைந்த ஒரு மூட்டையின் விலைகூட இராது. 2021 வெள்ளத்தில் நாடு இழந்தது 6.1 பில்லியன் ரிங்கிட் என்று புள்ளிவிவர இலாகா கணக்கிட்டது. முன்கூட்டிச் செலவிடாத பணம் இப்படித்தான் பின்னால் போகிறது. யூசுஃப் நபி (அலை) அவர்கள் விளைச்சல் கண்ட ஏழு ஆண்டுகளில் தானியம் சேர்த்துத்தான் பஞ்சத்தின் ஏழு ஆண்டுகளில் மக்களைக் காத்தார்கள்.

வெள்ளம் வந்தால் பள்ளிவாசலில் உலை ஏறும். நம் சந்தாவும் சதக்காவும் சோறு போடும். அது நம் கடமை, தொடரும். ஆனால் சந்தாப் பணத்தால் ஆற்றைத் தூர்வார முடியாது. அது வரிப்பணத்தின் வேலை. வெயில் காலத்தில் ஊர்க் கூட்டங்களுக்குச் செல்லும் நம் உறுப்பினர்கள் மூன்று கேள்விகளை எழுப்ப வேண்டும்: வாய்க்கால் எப்போது தூர்வாரப்பட்டது? மதகு எப்போது சோதிக்கப்பட்டது? இவ்வாண்டு அதற்கு எவ்வளவு ஒதுக்கீடு? அடுத்த 50 ஆண்டுகளில் இதுவும் நம் சங்கத்தின் பணிகளுள் ஒன்றாகட்டும், இன்ஷா அல்லாஹ்.